கம்பிக்கு அடியில்

டியூப் லைட்டின் ஒரு முனையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள்.

பொழுது மசங்கியிருந்தது.

மேலே உயர்மின் கோபுரத்தின் கம்பிகள். கீழே அவள் தோட்டம். எதிரில் மின்சார இன்ஜினியரும், பெயின்ட் டப்பாவோடு அவருடைய ஆட்களும்.

அந்தக் கோபுரம் வந்தபோதும் இதே பெயின்ட்தான். மரத்துக்கு மரம் நம்பர் போட்டார்கள். வெட்டினார்கள். காய்த்துக் குலுங்கிய தென்னைகள். ஊருக்கெல்லாம் நல்ல கரண்ட் வரும் என்றார்கள். அவளும் நம்பித் தொலைத்தாள்.

வீட்டில் மிக்ஸி இன்னும் முனகிக்கொண்டுதான் சுற்றுகிறது. கிணற்று மோட்டார் கருகிக் கருகி, காயில் கட்டியே அலுத்துவிட்டது. பில் மட்டும் குறைவில்லாமல் ஏறுகிறது. கேட்டால், கோபுரம் போட்ட செலவை வேறு யார் தலையில் கட்டுவது என்கிறார்கள்.

இப்போது பக்கத்திலேயே இன்னொரு கோபுரம். பழைய கம்பியில் இடமே இல்லையாம். அத்தனை கரண்ட் ஓடுகிறதாம்.

மிச்சமிருந்த தென்னைகளில் காலையிலிருந்து நம்பர் ஏறிக்கொண்டிருந்தது.

கரண்ட் ஓடுகிற உயர்மின் கம்பிக்கு அடியில் டியூப் லைட்டைப் பிடித்தால் ஒயரே இல்லாமல் எரியும். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

எரியவில்லை.

இடம் மாறி நின்று பிடித்தாள். வரப்பின் மேல் ஏறிப் பிடித்தாள்.

துளி வெளிச்சம் இல்லை.

எந்த ஃபாக்டரிக்காகக் கம்பி இழுத்தார்களோ அது வரவே இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டது நிஜம்தான். சும்மா தொங்கும் கம்பிக்கு மரங்களைக் கொடுத்திருக்கிறாள். மாசாமாசம் தண்டமும் அழுகிறாள்.

பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன் பிரஷை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

இன்ஜினியர் பார்க்கவில்லை. லைட்டு பழசு, ஃபியூஸ் போயிருக்கும் என்றார்.

நேற்று சாயங்காலம் இதே லைட்டை அடுத்த ஊரில், அண்ணன் தோட்டத்தில் போகும் கம்பிக்கு அடியில் பிடித்துப் பார்த்திருந்தாள். வெள்ளை வெளேரென்று எரிந்தது.

நேரே போய், தோட்டத்தோரம் நின்ற இன்ஜினியரின் ஜீப் கதவைத் திறந்தாள். அவர் வழக்கமாக உட்காரும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, லைட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஃபியூஸ் போச்சா இல்லையான்னு எங்கண்ணன் தோட்டத்துல பார்த்துக்கலாமுங்க. வந்து ஏறுங்க."

டிரைவர் சாவியைத் திருகினான்.

இன்ஜினியர் ஏறவில்லை.