வந்து போனவர்கள்

"லிஃப்ட்ல வராதே, பின்படி வழியா வா. யார் கேட்டாலும் இந்த வீட்டுக்கு வர்றேன்னு மூச்சு விடக் கூடாது."

"நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்? என் வாய்க்குப் பூட்டு போட்டாச்சு" என்று சிரித்தாள் சமையல்காரி.

போன வாரம் பேசிய அந்தப் பேச்சு, காய்ச்சலோடு படுத்திருந்த பேராசிரியைக்கு இப்போது நினைவுக்கு வந்தது. காதில் செல்போன். மறுமுனையில் சுகாதார அலுவலகத்துப் பெண்.

"உங்களுக்குத் தொற்று உறுதியாயிருக்கு மேடம். அஞ்சாறு நாளா வீட்டுக்கு யார் யார் வந்தாங்க?"

"யாரும் வரல. தனியாத்தான் இருக்கேன்."

நோய் அடங்கும் வரை வேலையாட்களை உள்ளே விடக் கூடாதென்று குடியிருப்புச் சங்கத்தில் தீர்மானம். அதில் முதல் கையெழுத்தே பேராசிரியையுடையது.

"பால், காய்கறி?"

"வாசல்லயே வெச்சுட்டுப் போயிடுவாங்க."

"சமையல்?"

"நானேதான்."

அடுப்புப் பக்கம் அவள் போய் ஏழு வருஷமாகிறது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம். நீங்க சொல்ற ஆளுங்களுக்குத்தான் பரிசோதனை, ஆஸ்பத்திரியில படுக்கை எல்லாம். பட்டியல்ல இல்லேன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடறாங்க."

"ஒரு தடவை சொன்னா விளங்காதா உனக்கு? எத்தனை வாட்டி கேப்பே?"

சமையல்காரி மூன்று நாளாக வரவில்லை. ஏழு வருஷம் அவள் கையால் சாப்பிட்டும், அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள், வீட்டில் யார் யார் என்று கேட்டதில்லை. உடம்புக்கு என்ன என்று ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் தனக்கும் காய்ச்சல்தான் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்திலேயே போடவில்லை.

"அப்ப, யாருமே வரலைன்னு எழுதிக்கவா மேடம்?"

"எழுதிக்கோ."

மறுமுனையில் அந்தக் குரல் உடைந்தது.

"உங்ககிட்ட பேச வேண்டியது ஆபீஸ்ல வேற ஒருத்தங்க மேடம். நான்தான் கெஞ்சி இந்த நம்பரை வாங்கினேன். நானா ஒரு பேரைச் சேர்க்க முடியாது, உங்க வாயால வரணும். ஆஸ்பத்திரி வாசல்ல மூச்சு வாங்க உக்காந்திருக்காங்க, எந்த வீட்டுல வேலைன்னு ஆஸ்பத்திரிக்காரங்க எவ்வளவு கேட்டும் சொல்ல மாட்டேங்கிறாங்க. ஒரே ஒரு வார்த்தை... எங்கம்மா உங்க வீட்டுக்கு வந்தாங்கன்னு சொல்லுங்க மேடம்!"