அறுபத்திரண்டு திருகுகள்

விருதுநகரிலிருந்து வந்தவர் கட்டைவிரல் நகத்தால் கதவோரத்துத் திருகைச் சுரண்டிப் பார்த்தார்.

டிரைவர் சோணைமுத்து அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பழைய ஆஸ்டின் காரின் வெள்ளிநிறப் பட்டைகளைப் பிடித்து நிற்பவை மொத்தம் அறுபத்திரண்டு திருகுகள். துரு முதலில் திருகின் கழுத்தில்தான் பூக்கும். அருப்புக்கோட்டைக் கிணற்று உப்புத் தண்ணீர் பட்டால் பத்தே நாளில் பூத்துவிடும். அதனால்தான் நூல்கடை முதலாளி சங்கரலிங்கம், எண்பத்தேழாம் வருச வறட்சியிலும், கார் செட்டுக்கென்று தினமும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் இறக்கச் சொல்லியிருந்தார். ஊர் குடிக்கத் தவித்தது, ஆஸ்டின் குளித்தது.

குளித்தது என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார்.

சோணைமுத்து அதைக் கழுவியதெல்லாம் உப்புத் தண்ணீரில். நல்ல தண்ணீர் இரண்டு குடமும் சைக்கிள் ஏறி அவன் வீட்டுக்குப் போய்விடும். ஒரே ஒரு திருகில் துரு தெரிந்தால் போதும், குட்டு உடைந்துவிடும். அந்தத் தண்ணீர் போச்சு.

எனவே மூன்று வருசமாக அவன் அந்த வண்டிக்கு அடிமை. ஈரம் காயுமுன் ஒவ்வொரு திருகையும் தறிக்கழிவு நூலால் ஒற்றி எடுக்க வேண்டும். வாரம் ஒரு வரிசையாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்து, சைக்கிள் டியூபில் வெட்டிய சின்ன வட்டத்தை அடியில் கொடுத்து, தீக்குச்சியால் கிரீஸ் தொட்டு, மறுபடி முடுக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தது. கனவிலும் திருகுதான் வந்தது. அலுத்துப் போயிருந்தான்.

வந்தவர் முன்னால் போனார், பின்னால் போனார், குனிந்து பார்த்தார். யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்றே சோணைமுத்து நினைத்தான்.

"முப்பத்தஞ்சு வருசத்து வண்டி, ஒரு பொட்டுத் துரு இல்லையே அண்ணாச்சி!"

"நம்ம சோணைமுத்து நல்ல தண்ணியத் தவிர வேற தண்ணி படவிட மாட்டான்" என்றார் முதலாளி பெருமையாக.

போன உயிர் திரும்பி வந்தது.

அது முழுதாக வந்து சேர்வதற்குள், வந்தவர் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கி, வண்டி தனக்குத்தான் என்று முடித்துவிட்டார். துரு இருந்திருந்தால் வந்த பஸ்ஸிலேயே திரும்பியிருப்பாராம்.

"ஒனக்கு வேலை போகாதுப்பா, கடை வேனை ஓட்டு. அதுக்கு உப்புத் தண்ணி போதும். அந்த ரெண்டு குடத்தை மட்டும் நாளையிலருந்து வேண்டாம்னு தண்ணி வண்டிக்காரன்கிட்டச் சொல்லிரு" என்றார் முதலாளி.

தலையாட்டினான்.

இன்றைய இரண்டு குடமும் செட்டு மூலையில் மூடி வைத்தபடி இருந்தன. உப்புத் தண்ணீர் ஒரு மடக்குகூட ஆகாது என்று மதுரைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி அனுப்பிய அவன் மனைவி வெள்ளைத்தாய், கல்லடைப்பு வலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இந்நேரம் சைக்கிள் மணிச் சத்தத்துக்குக் காத்திருப்பாள்.

ஒரே ஒரு திருகைத் துடைக்காமல் விட்டிருக்கலாம்.