கறாரான வகுப்பு

துப்பாக்கி லைசன்ஸ் வேண்டுமென்றால் முதலில் பயிற்சி வகுப்பில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். நல்ல வகுப்பைத் தேடி ஜெயஷீலா காலையிலிருந்து திருவனந்தபுரம் முழுக்க அலைந்தாள்.

கிழக்கேகோட்டையில் வகுப்பு நடத்துபவர், "ரெண்டே நாள். எல்லாரையும் பாஸாக்கிடுவோம்" என்று சிரித்தார். அவள் எழுந்து வந்துவிட்டாள். அடுத்த இடத்தில், வகுப்புக்கு வராவிட்டாலும் சான்றிதழ் வீடு தேடி வரும் என்றார்கள். அங்கே அவள் உட்காரவே இல்லை.

மிஞ்சியது கழக்கூட்டத்தில் இருந்த வகுப்புதான். இதுவும் சரிவராவிட்டால் என்ன செய்வதென்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அங்கே பயிற்சி தருபவர் ஷாஜி, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மலையாளம் கலந்த தமிழில் பேசினார்.

"இங்க ரொம்பக் கறார், கேட்டோ சேச்சி. பாதிப் பேர் தோத்துப்போவாங்க."

"நெசமாவா சாரே?" அவள் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

"கை நடுங்கினாலோ, மனசுல கோபம் இருக்குன்னு தோணினாலோ, மந்திரியே சொன்னாலும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இந்த கிளாஸைத்தான் சாரே தேடுனேன். சேத்துக்கிடுங்க."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து ஷாஜி இரங்கினார். "பேடிக்காதீங்க சேச்சி, பயமே வேண்டாம். பக்கத்துல நின்னு நானே உங்களைப் பாஸாக்கிடறேன்."

"ஐயோ, எனக்கில்ல. எங்க வீட்டுக்காரருக்கு." ஜெயஷீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்க மகளைக் கொன்ன மருமகன் ஜாமீன்ல வெளிய வந்துட்டான். அதுலேருந்து இவரு துப்பாக்கி வேணும்னு ஒத்தக் கால்ல நிக்காரு. நல்ல கிளாஸா நானே பாத்துட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன். மகளும் போயிட்டா. இவரும் ஜெயிலுக்குப் போனா எனக்கு யாரு சாரே இருக்கா?"

ஷாஜி ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க காலைப் பிடிக்கேன் சாரே. எத்தனை தடவை வந்தாலும் அவரைத் தோக்கடிச்சிடுங்க."