ஊசி போடலாமா?

“மந்திரிக்கிறவளை வீட்டுக்குள்ள விட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!”

லிகயா கத்தினாள். சயின்ஸ் டீச்சர் வீட்டில் ஆவி ஓட்டுகிறார்கள் என்றால் ஊர் சிரிக்காதா?

கட்டிலில் ஐந்து வயது மகள் மாயிங். நாலு நாளாகச் சின்னம்மை. காலையிலிருந்து முகம் செக்கச்செவேலென்று சிவந்து, இல்லாத எறும்பைக் காற்றில் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பெற்றவளையே அடையாளம் தெரியவில்லை.

“வண்டியை எடுங்க, இலோய்லோ டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்!”

கணவன் எபோய் அசையவில்லை.

“ஞாயித்துக்கிழமை ஆலமரத்தடியில ஒண்ணுக்குப் போயிருக்கா. இது அந்த மரத்து ஆவி வேலை. ஆவி பிடிச்ச உடம்புல ஊசி பட்டா பிள்ளை செத்துடும். மந்திரிக்கிற நெனிங் அக்கா வந்து பார்த்துச் சொல்லட்டும், போவோம்.”

நெனிங் வந்தாள். சந்தையில் கருவாடு விற்றுவிட்டு அப்படியே ஓடி வந்திருந்தாள். சாம்பிராணிகூடப் போடவில்லை. பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தாள். உடம்பெல்லாம் அப்பியிருந்த ரோஸ் பூச்சைத் தொட்டாள்.

“இது என்ன டீச்சர்?”

“அரிப்புக்கு லோஷன். சொறிஞ்சு சொறிஞ்சு அழுதா, தினம் நாலு வேளை மேலெல்லாம் பூசினேன். அரிப்பு சிரப்பும் கொடுத்தேன்” என்றவள், “அதெல்லாம் உனக்கு எங்கே புரியப்போகுது?” என்று வெடுக்கெனக் கேட்டாள்.

நெனிங் எபோயிடம் திரும்பினாள்.

“மரத்து ஆவிதான். கட்டிப்போட்டுட்டேன். இனி தாராளமா ஊசி போடலாம். ஓடு, வண்டியை வாசலுக்குக் கொண்டா. அதுக்குள்ள பிள்ளையை சோப்புப் போட்டுக் கழுவிடறோம்.”

எபோய் விழுந்தடித்து ஓடினான்.

“இப்படிப் பச்சையா புளுகறியே, வெட்கமா இல்லை?” லிகயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நெனிங் பூச்சைக் கழுவியபடியே குரலைத் தாழ்த்தினாள்.

“புளுகுதான் டீச்சர். என் தங்கச்சி பையனும் போன வருஷம் இப்படித்தான் பிதற்றினான். லோஷன்லயும் சிரப்புலயும் இருந்தது ஒரே அலர்ஜி மருந்துன்னு டாக்டர் சொன்னார். அம்மைப் புண்ணு வழியா உள்ளே இறங்கி, அளவு மீறிடுச்சாம். ரெண்டு பாட்டிலையும் கொண்டுபோய்க் காட்டுங்க.”

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த லிகயாவின் கை நின்றுவிட்டது.

“ஐயோ... நானேவா அக்கா?”

“அழாதீங்க, அவன் பிழைச்சுட்டான். உங்க வீட்டுக்காரர் காதுல மட்டும் போட்டுடாதீங்க. ஆயுசுக்கும் உங்களைக் குத்திக்காட்டுவார். அதான் பழியைத் தூக்கி மரத்து மேல போட்டேன்.”