காற்று ஒழுகாத துப்பாக்கி

"ஒழுகலையே, நீல்ஸ்! ஒரு பொட்டுக் காத்து கூட வெளியே போகலை."

நீல்ஸின் மனைவி மார்னி கட்டை விரலால் துப்பாக்கிக் குழாயின் வாயை இறுகப் பொத்தியிருந்தாள். நீல்ஸ் விசையைத் தட்டினான். குழாய்க்குள் பாய்ந்த தண்டு, காற்றில் முட்டிக்கொண்டு பாதி வழியில் நின்றது. அவள் விரலை எடுத்த பிறகுதான் 'புஸ்' என்று மீதி தூரம் போனது.

வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். நீல்ஸின் முகம் தொங்கிப்போனது.

"கிரீஸ் கொஞ்சம் அதிகமாப் போட்டுட்டேன். அதுதான் அடைச்சுக்கிட்டு நிக்குது. துடைச்சுட்டு இன்னொரு தடவை பார்ப்போம்."

"இன்னும் எத்தனை தடவை? வாஷரை மாத்தின. ரப்பர் வளையத்தை ரெண்டாக்கின. டேப் சுத்தின. கடைசியில என்னையே நிக்க வெச்சு சுட்டும் பார்த்தாச்சு. ஸ்பாஞ்சுத் தோட்டாதானேன்னு நின்னேன், இன்னும் முதுகு சிவந்து கிடக்கு. நல்லா வேலை செய்யுதேன்னு சந்தோஷப்படாம, இழவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்க!"

நீல்ஸின் துக்கம் அவனுக்குத்தான் தெரியும்.

மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில், வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் ஆண்களும் பெண்களும் மாதம் ஒரு ஞாயிறு பூங்காவில் கூடி, வீட்டில் செய்த துப்பாக்கிகளோடு ஸ்பாஞ்சுத் தோட்டாச் சண்டை போடுவார்கள். நடுவர் கிடையாது. தோட்டா பட்டவர் தானே கையைத் தூக்கி, "பட்டுடுச்சு" என்று சொல்லி வெளியேற வேண்டும். மனசாட்சிதான் நடுவர். அந்தச் சட்டத்தை எழுதியவன் வெண்டல், பள்ளிக்கூட நாளிலிருந்து நீல்ஸின் நண்பன்.

இந்தக் கோடை முழுக்க நீல்ஸ் இடப்பக்கப் புதர்களில் பதுங்கி வெண்டலைச் சுட்டான். குறி தப்பியதாகத் தோன்றவில்லை. ஆனால் வெண்டல் ஒரு தடவைகூடக் கையைத் தூக்காமல் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தான். காற்று ஒழுகுகிறது, தோட்டா பாதியிலேயே விழுந்துவிடுகிறது என்று நீல்ஸ் தன் துப்பாக்கியைத்தான் குறை சொன்னான். நண்பனைக் குறை சொல்வதைவிட அது எளிதாக இருந்தது. இப்போது அந்தச் சாக்கும் போயிற்று.

"இது சரின்னா, வெண்டல் பொய் சொல்றான்னு அர்த்தம், மார்னி."

"சீ! ஹாக்கி மேட்சுல தன் சொந்தப் பையன் போட்ட கோலையே செல்லாதுன்னு சொன்ன ஆளு அவன்."

"அதான் வயிறு எரியுது. மத்தவங்க சுட்டா கையைத் தூக்குறான். நான் சுட்டா மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுறான். வேலியே பயிரை மேயுது."

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. காபியும் டோனட்டுமாக வெண்டல் கேரேஜுக்குள் நுழைந்தான்.

"என்னடா விஞ்ஞானி, இன்னும் பம்பு ரிப்பேர் முடியலையா? நாளைக்காவது உன் தோட்டா என் பக்கம் எட்டிப் பார்க்குமா?"

நீல்ஸால் அதற்கு மேல் மென்று விழுங்க முடியவில்லை.

"வந்துச்சு வெண்டல். எல்லாமே வந்துச்சு. நீதான் கையைத் தூக்கலை."

வெண்டல் காபியை மேசைமேல் வைத்தான். அவன் காதுகள் சிவந்தன.

"என்னைத் திருடன்னு சொல்றியா?"

"பட்டதைப் படலைன்னு சொன்னா வேற என்ன பேரு?"

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லப் போறியா?"

"சொல்லித்தானே ஆகணும்."

வெண்டல் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு, அந்த அக்டோபர்க் குளிரில் மெல்லிய சட்டையோடு வெளியே போனான். கார்ப் பாதையின் கோடியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"வழக்கமா எங்கே குறி வைப்ப?"

"இடது தோள்."

"அங்கேயே சுடு. பட்டா கையைத் தூக்குறேன், மார்னி சாட்சி. படலைன்னா நம்ம சிநேகிதம் இதோட சரி."

"ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப் போச்சா?" என்றாள் மார்னி. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீல்ஸ் தண்டை இழுத்து மாட்டினான். ஒரு நல்ல சிநேகிதனை இழப்பதா, அவனைத் திருடனாக்குவதா? இரண்டும் வேண்டாம் என்றுதான் அவனுக்கு இருந்தது. ஆனாலும் குறி பார்த்தான், சுட்டான்.

'டப்.'

வெண்டல் திரும்பவில்லை. ஒரு நிமிடம் காத்திருந்தான். பிறகு தோள் குலுங்கச் சிரித்தான். ஏமாற்றுகிறவனுடைய சிரிப்பாக அது இல்லை. பள்ளிக்கூட நாளில் சிரித்த அதே சிரிப்பு.

"பார்த்தியா? சத்தம்தான் வருது, தோட்டா வரலை! அடுத்தவனைத் திருடன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த வாஷரை மாத்துடா!"

அவனுடைய இடது தோளில் சுளீரென்று பட்டுத் தெறித்த மஞ்சள் தோட்டா, அவன் குதிகாலுக்குப் பின்னால் கிடந்தது.

மார்னி கணவனின் கையைப் பற்றினாள். "ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடு, நீல்ஸ்," என்றாள் மெல்லிய குரலில். "அந்தத் தோள்ல பட்டதே அவனுக்குத் தெரியலை."