கைப்பிடி மட்டும் பாக்கி

"ஏத்தா சொர்ணம், ஞாயித்துக்கெழம பண்டிகை. இன்னும் மூணு கூடை வரணும். நீ என்னடான்னா இங்கன உக்காந்து ஒயரை வெட்டிக்கிட்டு இருக்க!"

வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் ஞானபாக்கியம். தேவாரம் சர்ச்சில் பெண்கள் ஐக்கியச் செயலாளர் அவள்தான். அறுப்பின் பண்டிகைக் கடையில் இந்த வருஷம் பன்னிரண்டு ஒயர் கூடைகள் வரிசையாகத் தொங்கும் என்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து சொல்லிவிட்டாள். ஒன்று குறைந்தாலும் சின்னமனூரிலிருந்து வருகிற பெண்கள் அடுத்த பண்டிகை வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஊரெல்லாம் ஒயர் கூடைப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. வீட்டுக்கு வீடு பின்னினார்கள். ஆனாலும் சொர்ணலதா வீட்டுக் கூடையே தனி. அரிசியை நிரப்பித் தூக்கினாலும் கைப்பிடி அசைந்து கொடுக்காது. முடிச்சில் அப்படி ஓர் இறுக்கம்.

"உக்காருங்கக்கா. காப்பி போடட்டுமா?"

"காப்பி கெடக்கட்டும். கூடை?"

"சனிக்கெழம பொழுது சாய உங்க வீட்டுல இருக்கும்."

குரலில் துளி சந்தேகம் இல்லை. அதுவே ஞானபாக்கியத்துக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"எப்ப வந்தாலும் வெட்டிக்கிட்டு, கட்டிக்கிட்டு இருக்க. எப்பத்தான் பின்னி முடிக்கிறது?"

"வெட்டி வச்சாத்தானேக்கா பின்ன முடியும்? இங்கன பாருங்க."

ஆணியில் தொங்கிய மஞ்சள் பைகளில் ஒன்றை எடுத்து விரித்தாள் சொர்ணலதா. ஒரு கூடைக்கு ஒரு பை. அடிப்பாகத்துக்கு வேண்டிய ஒயர்கள் அளந்து வெட்டி, ரப்பர் வளையம் போட்டுக் கிடந்தன. சுற்றிலும் ஓட வேண்டிய நீள ஒயர் கண்டாகச் சுற்றியிருந்தது. கைப்பிடிக்குத் தனியாக ஒரு கட்டு. தொலைந்துவிடாதபடி கத்தரிக்கோலைப் பையின் காதிலேயே கயிறு போட்டுக் கட்டியிருந்தாள்.

"பையைத் தொறந்தா எதையும் தேட வேண்டியதில்ல. கால் மணி கெடச்சா ஒரு வரிசை, அரை மணி கெடச்சா ரெண்டு. நிறுத்துன எடத்துல இந்தச் செவப்புத் துணியை முடிஞ்சு வச்சிட்டா, மறுபடி எடுக்கையில தடுமாத்தம் இருக்காது."

ஞானபாக்கியத்தால் மெச்சாமல் இருக்க முடியவில்லை. அவளும் ஒரு கூடை ஆரம்பித்தவள்தான். கத்தரிக்கோல் கிடைத்தால் ஒயர் கிடைக்காது, ஒயர் கிடைத்தால் பொறுமை இருக்காது. கடைசியில் அந்தப் பாதிக் கூடையில் கோழி அடைகாத்தது.

"அது சரி. மாடு, புள்ளைக, அடுப்படின்னு கெடக்க. அந்தக் கால் மணி எங்கேருந்து வருது?"

"கியூவுல நிக்கிற நேரம் இருக்குல்ல?"

"ரேசன் கடையிலயா?"

சொர்ணலதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எந்தக் கியூவா இருந்தா என்னக்கா, நேரம் நேரந்தானே? நீங்க ஒரு ஒத்தாசை பண்ணுங்க. கம்பம்மெட்டு செக்போஸ்ட்டுல ரெண்டு நாளைக்கு லாரியெல்லாம் தேங்கி நிக்கணும்னு ஜெபம் பண்ணிக்கங்க. இன்னைக்கு ராத்திரி கெளம்புற அவுக வரச் சொணங்குனா கூடை முடிஞ்சிரும்."

ஞானபாக்கியத்துக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சொர்ணலதாவின் புருஷன் பொன்னுராஜ் கம்பம்மெட்டு எல்லையைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் காய்கறி லோடு அடிக்கிற லாரி டிரைவர். அவன் மீசையைப் பார்த்தே மார்க்கெட்டில் ஆட்கள் வழி விடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஆள் வீட்டில் இருந்தால் வெந்நீர், குழம்பு, வறுவல் என்று பெண்டாட்டிக்குக் கை ஓயுமா? புருஷன் வரத் தாமதமானால்தானே அவளுக்கு நேரம்?

நியாயமான ஜெபம்தான். வீட்டுக்குப் போனதும் முழங்காலிட்டாள். ஆண்டவரே, மெட்டில் ஒரு லாரியும் நகரக் கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்தது. ஞானபாக்கியம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். தெருமுனையில் லாரி உறுமுகிற சத்தம் கேட்டது. லாரி அவள் வீட்டு முன்னாலேயே வந்து நின்றது.

பொன்னுராஜ்! இவன் இவ்வளவு சீக்கிரம் திரும்பிவிட்டான் என்றால் செக்போஸ்ட்டில் லாரி தேங்கவில்லை. ஜெபம் பலிக்கவில்லை. கூடை எங்கே முடிந்திருக்கப் போகிறது? நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போவது?

லாரியிலிருந்து குதித்த பொன்னுராஜ் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். சீட்டுக்கு அடியிலிருந்து மூன்று மஞ்சள் பைகளை உருவி, தோள் துண்டால் மூடிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே வந்தான்.

துண்டை விலக்கினான். இரண்டு கூடைகள் முழுசாக இருந்தன. மூன்றாவதின் விளிம்பில் ஒரு சிவப்புத் துணி முடிந்திருந்தது.

"கோவிச்சுக்கிராதீகக்கா" என்று குரலைத் தாழ்த்தினான். "மெட்டுல இன்னைக்குக் கியூவே இல்ல, சட்டுன்னு விட்டுட்டாக. கைப்பிடி மட்டும் பாக்கி. அந்தத் தெருச் சன்னலை மட்டும் சாத்திருங்க, இங்கனயே உக்காந்து பின்னிக் குடுத்துட்டுப் போயிர்றேன்!"