அவள் சொல்ல வேண்டிய பதில்

“ஞானஸ்நானம் குடுத்தாச்சு. உறுதிப்பூசுதலையும் இப்பவே குடுத்துடலாம்மா” என்றார் பங்குத்தந்தை.

“வேணாம் ஃபாதர். அவளுக்குப் பதினாலு வயசு ஆகட்டும்” என்றாள் தாய்.

“வயசு ஒரு தடையே இல்ல. பிஷப் வரணும்னு காத்திருக்கவும் வேணாம். நானே குடுக்கலாம்.”

“ஞானஸ்நானத்துக்கு அவளுக்காக நாங்க பதில் சொன்னோம். இதுக்கு அவளேதான் சொல்லணும். மறைக்கல்வி வகுப்புக்கு மட்டம் போட்டு, உங்ககிட்ட திட்டு வாங்கி, அப்புறம் பிஷப் முன்னாடி நின்னு ‘விசுவசிக்கிறேன்’னு சத்தமா சொல்லணும். அவ அக்கா அப்படித்தான் சொன்னா.”

“பிடிவாதம் பிடிக்காதே. ஃபாதர் சொல்றதைக் கேளு” என்றான் கணவன்.

“நீங்க சும்மா இருங்க. இதுல எனக்கு ஒரு அவசரமும் இல்ல.”

பங்குத்தந்தை நெற்றியில் பூசும் எண்ணெய்ச் சிமிழைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “டாக்டர் கைவிரிச்சுட்டாரும்மா” என்றார் மெதுவாக.

தாய் இன்குபேட்டருக்குள் கையை விட்டாள். நேற்றுப் பிறந்த மகள் அந்தக் கையை எட்டி உதைத்தாள்.

“பாத்தீங்களா? இவ உங்க வகுப்புக்கு வருவா, ஃபாதர். அதுவரைக்கும் நீங்கதான் உடம்பைப் பாத்துக்கணும்.”